முதுகுக்கு நாலு கிலோ

அவருக்குத் தராசு என்று பெயர் வைத்தது யார் என்பது பார்சல் குடோனில் யாருக்கும் நினைவில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் தூங்கிக்கொண்டிருந்தது. மற்றபடி மேலாளர் முதல் மூட்டை தூக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவர் தராசுதான். முப்பத்தோரு வருஷம் இரும்பு எடைமேடைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர். பெட்டியை ஒரு கையால் அசைத்துப் பார்ப்பார், மேடையில் ஏற்றுவதற்கு முன்பே எடையைச் சொல்லிவிடுவார். பத்துக்கு ஒன்பது தடவை சரியாக இருக்கும். பத்தாவது தடவை, மேடையைத்தான் ரிப்பேருக்கு அனுப்ப வேண்டும் என்பார். சிரிக்காமல் சொல்வார்.

அந்த வேலையின் உயிர் கழித்தலில் இருந்தது. பெட்டி, சாக்கு, கயிறு, உள்ளே அடைத்த வைக்கோல் எல்லாவற்றையும் கழித்தால் மிச்சம் வருவது சரக்கு. மேலே சுற்றியிருப்பது எதுவும் சரக்கில்லை. இதைத் தினம் நூறு தடவை செய்த மனிதர் வீட்டுக்கு வந்தும் கையைச் சும்மா வைத்திருக்கவில்லை. பற்பசையின் அட்டைப்பெட்டி வாசலோடு குப்பைக்குப் போய்விடும். புதுச் சட்டையின் காலரில் இருக்கும் துணிச்சீட்டை வெட்டி எறிந்துவிட்டுத்தான் போட்டுக்கொள்வார். வீட்டில் பிஸ்கெட்டை உறையோடு பார்த்தவர் யாரும் கிடையாது.

வாய்த்த மனைவியோ நேர் எதிர். அவளுக்குத் தபால் பிரிக்கிற வேலை, இருபத்தாறு வருஷம். உள்ளே கல்யாணப் பத்திரிகையா கோர்ட் நோட்டீஸா என்பதில் அவளுக்கு அக்கறை இல்லை, மேலே என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் அவளுக்கு எல்லாம். சமையலறையில் உப்பு டப்பாவுக்கு உப்பு என்றும் சர்க்கரை டப்பாவுக்குச் சர்க்கரை என்றும் சீட்டு ஒட்டி வைத்திருப்பாள். அவர் கிழிப்பதும் இவள் ஒட்டுவதுமாக முப்பது வருஷம் குடும்பம் ஓடிவிட்டது. யாருக்கும் சேதமில்லை. இருவரும் ஒரே வருஷம் ஓய்வு பெற்றார்கள், ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தார்கள், அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் கேலி பேசிக்கொண்டு காலம் தள்ளினார்கள்.

போன வருஷம் அவளுடைய இதயம் மக்கர் பண்ணியது. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. அந்தப் பத்தொன்பது நாளும் தராசு வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். எதைத் தூக்குவது, எதைக் கழிப்பது என்று ஒன்றும் புரியாமல் கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவள் பிழைத்து எழுந்து சொன்ன முதல் விஷயம், மலைக்கோயிலுக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்பது. முந்நூற்று இருபது கிலோமீட்டர்.

டாக்டர் முதலில் முடியாது என்றார். ஆறு மாதம் கழித்து, நிபந்தனையோடு சரி என்றார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் கூடாது. மாத்திரை தவறக் கூடாது, அது எப்போதும் அவளுடைய பையிலேயே இருக்க வேண்டும், கூட்டத்தில் இருவரும் பிரிந்துபோனாலும் கை மாறக் கூடாது. முதுகில் நாலு கிலோவுக்கு மேல் ஒரு கிராம் கூட ஏறக் கூடாது. டாக்டர் அந்த ஒரு கிராமைப் பேச்சுக்குத்தான் சொன்னார். ஆனால் சொன்ன ஆள் யாரிடம் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

தராசுக்குப் புது உயிர் வந்த மாதிரி ஆகிவிட்டது. அவளுடைய இதயத்துக்குள் அவர் கை போகாது. நாலு கிலோ அவர் கைக்குள் இருந்தது. அவளைக் காப்பாற்ற இனி தன்னாலும் ஏதோ ஆகும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையில் ஒரு துளி கூடப் பொய் இல்லை. ஆனால் மூட்டை கட்டி முடிக்கும்போதே காரியம் கெட்டுப்போகப் போகிறது, அது அவருக்குத் தெரிய ஆறு நாள் நடக்க வேண்டியிருக்கும்.

கூடத்தின் நடுவில் போர்வை விரித்து, மேலே எல்லாவற்றையும் பரப்பினார்கள். பக்கத்தில் சமையலறைத் தராசு. பை மட்டும் எழுநூறு கிராம் என்றதும் அதன் உள்ஜேப்பையும் அலங்காரப் பட்டியையும் பிளேடால் அறுத்து எடுத்தார். குடையா மழைக்கோட்டா என்று ஒரு நாள் விவாதம் நடந்தது. குடை தோற்றது. துண்டு பாதியானது. சோப்பு பாதியானது. பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடி பாதியானது, அவள் அதை இரண்டு விரலால் பிடித்துத் துலக்கிக் காட்டி, இதற்கு விரலாலேயே துலக்கிவிடலாமே என்றாள். காலுறை நாலு ஜோடியிலிருந்து இரண்டு. சின்னத் தலையணை வேண்டும் என்று கெஞ்சிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. மாற்றுச் செருப்பு, கைக்கண்ணாடி, கண்ணாடிக் கூடு, ஒவ்வொன்றாக வரிசையில் வந்து தராசில் ஏறி அலமாரிக்குத் திரும்பிப் போனது. சீப்பைப் பார்த்து அவர் யோசித்தபோது மட்டும் அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

மகள் போனில் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அப்பா, பேசாம காத்தை மட்டும் கட்டிக் குடுத்து அனுப்பிடுங்க" என்றாள்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு பை நாலு கிலோ நூற்றுப் பத்து கிராமில் வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது. தராசு அந்த நூற்றுப் பத்தோடு ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டினார். கடைசியில் அவர் கண் மருந்து டப்பாவின் மேல் விழுந்தது. ஆறு வகை மாத்திரை, நாற்பது நாளுக்கு. எல்லாம் அட்டையில் பதித்தது, அட்டைகள் காகிதப் பெட்டிக்குள், பெட்டிக்குள் மடித்த காகிதம் வேறு. யாரும் படிக்காத காகிதம். அத்தனையும் சேர்ந்து இருநூறு கிராமுக்கு மேல்.

அவள் தன் அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போயிருந்த மத்தியானம், அவர் உட்கார்ந்து மாத்திரைகளை ஒவ்வொன்றாக அட்டையிலிருந்து பிதுக்கினார். ஆறு சின்ன பிளாஸ்டிக் உறை, ஆறு குவியல். அட்டைகளும் பெட்டிகளும் குப்பை வண்டியில் போய்விட்டன. பை மூன்று கிலோ தொள்ளாயிரத்து அறுபது காட்டியது.

அவள் வந்து பார்த்தாள். சத்தம் போடவில்லை. அதுதான் அவருக்கு உறுத்தியது.

"இது ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே" என்றாள், இரண்டு உறைகளைத் தூக்கிப் பிடித்து. இரண்டிலும் சின்ன வெள்ளை வட்டங்கள், நடுவில் ஒரு கோடு. "இது ஹார்ட் மாத்திரை, வாரத்துல அஞ்சு நாள்தான். இது நீர் மாத்திரை, தினம் ஒண்ணு, கால் வீங்கினா இன்னொண்ணு. மாறிப் போச்சுன்னா விஷம்னு மருந்துக் கடைக்காரர் சொன்னாரே, காதுல விழுந்துச்சா உங்களுக்கு?"

"அதான் தனித்தனியா போட்டிருக்கேன்ல."

"மேல ஒண்ணும் எழுதாம?"

எழுதிக்கொள் என்று அவர் பெருந்தன்மையாகச் சொன்னார், எழுத்துக்கு எடை கிடையாது. அவள் மேஜை இழுப்பறையிலிருந்து தன் பழைய பசைச் சீட்டுகளை எடுத்து, முத்து முத்தான கையெழுத்தில் ஆறு பெயர் எழுதி, ஆறு உறையிலும் ஒட்டி, விரலால் நான்கு மூலையையும் அழுத்தித் தேய்த்தாள். நாக்கில் ஈரப்படுத்தி ஒட்டுகிற சீட்டு அது. உலர்ந்த தாளில் பிடிக்கும். பிளாஸ்டிக்குக்கும் அதற்கும் ஒத்துவராது என்பது, இருபத்தாறு வருஷம் தாள் உறைகளையே பார்த்துப் பழகியவளுக்குத் தோன்றவில்லை.

முதல் ஐந்து நாள் கல்யாண ஊர்வலம் மாதிரிப் போனது. விடிந்ததும் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் எட்டு கிலோமீட்டர், மாலையில் நாலு. வழியில் யாத்திரைக்காரர்கள் தங்குவதற்கென்று பாய் விரித்த கூடங்கள் இருந்தன. பெரிய மூட்டையோடு திணறிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து தராசு தலையை ஆட்டி, எடையைக் காதோடு சொல்லுவார். அவளுக்குச் சிரிப்பு வரும். ஒரு நாள் சிரித்துச் சிரித்து ஒரு மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆறாம் நாள் மழை. மழைக்கோட்டு அவளை மூடியது, பையை மூடவில்லை. அறுத்து எடுத்த உள்ஜேப் இருந்திருந்தால் மாத்திரைகள் அதில் இருந்திருக்கும். தங்கும் கூடத்தில் அவள் குளிக்கப் போனபோது தராசு பையைத் திறந்து ஈரத் துணிகளை உதறினார். அடியில் ஆறு சீட்டும் உரிந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிக் குழைந்து கிடந்தன. நாலு வகை நிறத்தாலும் அளவாலும் தெரிந்துவிட்டது. வெள்ளை இரண்டும் தெரியவில்லை. எண்ணிப் பார்த்தார். கடையில் இரண்டையும் பத்துப் பத்தாக நாலு அட்டை கொடுத்திருந்ததால் நாற்பது நாற்பதாகத் தொடங்கியது, இப்போது இரண்டும் முப்பத்தைந்து. முதல் ஐந்து நாள் அவள் இரண்டிலும் தினம் ஒவ்வொன்றுதான் போட்டிருந்தாள்.

ஒரு உறையை இடது கையிலும் ஒன்றை வலது கையிலும் வைத்துக் கண்ணை மூடினார். இடது கை ஒரு இம்மி கனத்த மாதிரி இருந்தது. நீர் மாத்திரை கொஞ்சம் கனம் என்று பிதுக்கும்போது தோன்றியதாக ஞாபகம். ஞாபகமா, இப்போது தோன்றுவதா? உள்ளங்கையில் மழை ஈரம் வேறு. அவருக்கே தெரியும், அந்தக் கனம் எடையே இல்லை.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து பார்த்தாள். முகம் மாறியது.

"ஒரு போன் போட்டு மருந்துக் கடையில கேட்டுடலாமா?"

"கேட்டா என்ன சொல்லுவான்? வெள்ளையா வட்டமா இருக்கும்பான். இது நீர் மாத்திரை. எனக்குத் தெரியும்."

"நிச்சயமா?"

"முப்பத்தோரு வருஷம், இந்தக் கை ஏமாந்ததில்ல."

அவள் நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்கு முப்பது வருஷத்தில் காரணம் எதுவும் கிடைத்ததில்லை. எடை பார்த்ததில் பேனாவும் வீட்டிலேயே நின்றுவிட்டது, அங்கே இருந்த ஒருவரிடம் வாங்கி, இடது கையில் இருந்ததில் நீர் என்று எழுதிவிட்டாள். இப்போது அது நீர் மாத்திரை ஆகிவிட்டது.

ஏழாம் நாள் மாலை அவளுடைய கணுக்கால் வீங்கியது. நடந்தால் வீங்கத்தான் செய்யும் என்றாள், சொல்லிக்கொடுத்தபடி நீர் என்று எழுதியதிலிருந்து இன்னொன்று போட்டுக்கொண்டாள். எட்டாம் நாள் வீக்கம் வடியவில்லை. இன்னும் ஒன்று. தராசு அவள் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தார். நீர் மாத்திரை உள்ளே போனால் அரை மணியில் எழுந்து போக வேண்டியிருக்கும் என்பது வீட்டில் தினம் நடக்கிற கதை. அவள் எழுந்து போகவில்லை.

ஒன்பதாம் நாள் சாப்பாடு வேண்டாம் என்றாள். வாசனையே பிடிக்கவில்லை என்றாள். தராசு அவள் பையிலிருந்து போர்வையை எடுத்துத் தன் பையில் திணித்தார். மத்தியானம் மாற்றுத் துணியை எடுத்தார். அடுத்த நாள் தண்ணீர் பாட்டிலை. அவர் பை பதினொரு கிலோவுக்கு வீங்கியது, அவளுடைய பையில் மாத்திரையும் சீப்பும்தான் மிச்சம். அப்படியும் அவள் நூறு அடிக்கு ஒரு தடவை நின்றாள். முதுகில் ஒன்றுமே இல்லாத ஒருத்தி எதைச் சுமந்துகொண்டு இப்படி மூச்சு வாங்குகிறாள் என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். பதில் தெரிந்தேதான் கேட்டார்.

மாற்றிக் கொடுத்துவிடலாமா என்று நினைத்தார். ஆனால் தன் கை சரியாக இருந்து, இப்போது மாற்றினால்? அப்போது அதுதான் விஷம். இந்தப் பக்கமும் போக முடியாமல் அந்தப் பக்கமும் போக முடியாமல் அவர் நடந்தார். சொன்னால் நடை நின்றுவிடும், அவளுடைய வேண்டுதல் பாதியில் போய்விடும் என்று தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். அது பாதி உண்மை. மிச்சப் பாதி, தெரியாது என்ற சொல் அவர் வாயில் வராது. குடோனில் ஒரு நாளும் வந்ததில்லை. அன்று மகள் போன் செய்து அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டபோது, நன்றாக நடக்கிறாள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அவருக்குப் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் கூட இத்தனை பயம் இல்லை, அங்கே அவர் ஒன்றும் செய்திருக்கவில்லை.

பதினோராம் நாள் காலை அவள் பாயில் படுத்தபடியே கேட்டாள், "இந்த ரூமுக்கு ஏன் இப்படி மஞ்சளா பெயின்ட் அடிச்சிருக்காங்க?"

சுவர் வெள்ளை. முந்தின வாரம் சுண்ணாம்பு அடித்த பளிச் வெள்ளை.

அவர் வெளியே ஓடி, எதிரே வந்த வேனின் குறுக்கே போய் நின்றார்.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி சின்னது. அங்கே இருந்த பெண் டாக்டருக்கு அவர்களுடைய மகள் வயதுதான் இருக்கும். அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தவர் கடிகாரத்தையும் பார்த்தார், மறுபடி பிடித்துப் பார்த்தார். நாடி நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு. மார்பில் ஒயர்களை ஒட்டச் சொல்லிவிட்டு, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேட்டார். தராசு உறைகளை மேஜையில் வைத்தார்.

"அட்டை எங்க? மருந்து பேரு இருக்குமே."

கட்டிலிலிருந்து அவள் முந்திக்கொண்டாள். "மழையில எல்லாம் நனைஞ்சு போச்சு டாக்டர். நான்தான் பிரிச்சு கவர்ல போட்டேன்."

தராசு அவளைப் பார்த்தார். குரல் தேய்ந்துபோன நிலையிலும், அவருடைய மானத்தைத்தான் முதலில் காப்பாற்றுகிறாள்.

"சரி. இதுல நீர்னு எழுதியிருக்கு. இதுல தினம் ரெண்டு போட்டதா சொல்றாங்க. இது நீர் மாத்திரைதானா, கண்டிப்பா தெரியுமா? ஹார்ட் மாத்திரை அதிகமானாத்தான் இப்படி நாடி இறங்கும், பார்க்கிறதெல்லாம் மஞ்சளா தெரியும். அப்படி இருந்தா நான் வேற மருந்து குடுக்கணும். இப்பவே குடுக்கணும். தப்பா குடுத்துட்டா அதுவும் ஆபத்து. யோசிச்சு சொல்லுங்க."

யோசிக்க ஒன்றும் இல்லை. வாய் மட்டும் திறக்க வேண்டியிருந்தது.

"அட்டையப் பிரிச்சது அவ இல்ல. நான்" என்றார். "வெயிட்டுக்காகப் பிரிச்சேன். எது எதுன்னு எனக்குத் தெரியாது டாக்டர். அஞ்சு நாளா தெரியாது. தெரியும்னு சொல்லித்தான் இவளுக்குக் குடுத்தேன்."

டாக்டர் அதற்கு மேல் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போடச் சொல்லி, ஒயரிலிருந்து வந்த காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, உள் அறைக்குக் கட்டிலைத் தள்ளச் சொன்னார். கட்டில் நகர்ந்தபோது அவள் தலையைத் திருப்பினாள். கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். கோபம் இல்லை.

"தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, நான் அன்னிக்கே நின்னிருப்பேங்க" என்றாள். கதவு மூடிக்கொண்டது.

உள்ளே ஒரு இயந்திரம் விட்டு விட்டுச் சத்தம் கொடுத்தது. இரண்டு சத்தத்துக்கு நடுவில் இருந்த இடைவெளி ஒவ்வொன்றிலும் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

நர்ஸ் ஒரு குறிப்புச் சீட்டோடு வெளியே ஓடிவந்தாள். "ஐயா, மருந்து அளவு போடணும். அவங்க எடை எவ்வளவு?"

முப்பத்தோரு வருஷப் பழக்கம். ஒரு எண் தொண்டை வரை வந்தது. ஐம்பத்திரண்டு. இல்லை, ஐம்பத்தெட்டா? அவளுடைய சீப்பின் எடை தெரியும், காலுறையின் எடை தெரியும். அவளை அவர் ஒரு நாளும் எடை பார்த்ததில்லை.

"தெரியலம்மா" என்றார். "எனக்குத் தெரியல. நீங்களே போட்டுப் பாருங்க."